மார்கரெட்டும் ஜில்லும்: மறுபடி படித்தபோது

அமெரிக்க எழுத்தாளர் ஜூடி ப்ளூமின் இரண்டு நாவல்களைச் சின்ன வயதில் அடுத்தடுத்துப் படித்தேன். 1970-இல் வந்த 'ஆர் யூ தேர் காட்? இட்ஸ் மீ, மார்கரெட்' என்றால் உயிர். 1974-இல் வந்த 'ப்ளப்பர்' பிடிக்கவே இல்லை. இப்போது இரண்டையும் திரும்ப எடுத்தேன். கட்சி மாறிவிட்டேன்.

நியூயார்க்கிலிருந்து நியூஜெர்சிக்குக் குடிவரும் மார்கரெட், நான்சியின் ரகசியக் குழுவில் சேர்கிறாள். யாருக்கு முதலில் மார்பு வளரும், யார் முதலில் வயதுக்கு வருவாள் என்பதுதான் அங்கே போட்டி. தனக்கு வந்துவிட்டதாக நான்சி அளந்த கதை ஹோட்டல் கழிப்பறையில் அம்பலமாகும் இடம் இன்றும் கச்சிதம். (முதல் பதிப்பில் இருந்த, நாப்கினைப் பிடித்து நிறுத்தும் இடுப்புப் பட்டையைப் பிற்பதிப்புகளில் ஒட்டும் நாப்கினாக மாற்றிவிட்டார்கள். பட்டையையே விட்டிருக்கலாம், காலம் தெரிந்திருக்கும்.) கடவுளிடம் மார்கரெட் பேசும் பேச்சில் உள்ள வெகுளித்தனமும் அப்படியே இருக்கிறது.

இந்த முறை இடறியது லாரா. வகுப்பிலேயே பெரிய உடம்பு, நாலாம் வகுப்பிலேயே பிரா போட வேண்டியிருந்தவள். பையன்களோடு சேர்த்து நான்சி கட்டிவிட்ட வதந்தியை மார்கரெட் அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். லாரா திருப்பிக் கேட்பது சில வரிகள்தான். பிறகு கதை மார்கரெட்டின் குற்றவுணர்வைப் பிடித்துக்கொண்டு போகிறது, லாரா ஓரமாகிவிடுகிறாள்.

'ப்ளப்பர்' அந்த ஓரத்தில் நிற்பவளை நடுவகுப்புக்கு இழுத்துவருகிறது. ஐந்தாம் வகுப்பு லிண்டா திமிங்கலத்தைப் பற்றிப் பேசப்போக, திமிங்கலக் கொழுப்பின் பெயரான 'ப்ளப்பர்' என்பதையே அவளுக்குப் பட்டப்பெயராக்குகிறாள் வெண்டி. கதை சொல்லும் ஜில் வெறுமனே வேடிக்கை பார்ப்பவள் அல்ல, சீண்டுகிறவர்களில் ஒருத்தி. ஹாலோவீனுக்குத் திமிங்கலக் கொழுப்பை அறுப்பவராக வேஷம் கட்டும் அளவுக்கு! ஒருமுறை வெண்டியை எதிர்த்ததும் ஜில்லே அடுத்த இலக்காகிறாள், லிண்டா வெண்டி பக்கம் போய்விடுகிறாள். லிண்டாவின் மனசுக்குள் நாம் ஒருபோதும் நுழைவதில்லை. அது குறையா, துணிச்சலா என்று இன்னும் எனக்குள் தகராறு ஓடுகிறது.

அன்று ஜில்லை வெறுத்த காரணம் மட்டும் தெரிந்துவிட்டது. எங்கள் வகுப்பிலும் ஒருத்திக்குப் பட்டப்பெயர் இருந்தது. நானும் கூப்பிட்டேன். அவளுடைய நிஜப் பெயர் யோசித்தால்தான் வருகிறது.

பதினொரு வயதுப் பிள்ளைக்கு மார்கரெட்டைத் தாராளமாகக் கொடுப்பேன், தனியாகப் படித்துச் சிரித்துக்கொள்ளட்டும். 'ப்ளப்பர்' கொடுத்தால் கூட உட்கார்ந்துகொள்வேன். ஜில் செய்தது தப்பு என்று அந்தப் புத்தகம் எங்கேயும் எடுத்துச் சொல்வதில்லை.