பனியன் கம்பெனியில் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

2019 தீபாவளி முடிந்து, ஊருக்குப் போன ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்த வாரம். மூத்த முதலாளி என்னைக் கூப்பிட்டு மேசையில் ஒரு பில்லை வைத்தார். தூத்துக்குடியில் கப்பல் ஏறியிருக்க வேண்டிய சரக்கு, நாள் தவறியதால் விமானத்தில் போயிருந்தது. அந்த வாடகை எங்கள் தலையில்.

"ஏந் தம்பி, இத்தன சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டிருக்கறோம். இது லேட்டாகும்னு ஒண்ணுகூடவா முன்னாடியே சொல்லல?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நான் திருப்பூரில் ஒரு நடுத்தரப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஐ.டி. பொறுப்பில் இருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போய்த்தான் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சரில் விழுந்தேன். பெயர்தான் மிரட்டும், விஷயம் எளிது. கம்பெனி எதைச் செய்து பிழைக்கிறது, அதற்கு எந்தெந்த வேலை நன்றாக நடந்தாக வேண்டும், அந்த வேலைகளை எந்த மென்பொருள், எந்தத் தகவல், எந்தக் கருவி தாங்குகிறது என்று ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு எழுதிவைப்பது. அவ்வளவுதான். ஆனால் இந்த "அவ்வளவுதான்" என்ற இடத்துக்கு வந்துசேர எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

ஏனென்றால் நான் புத்தகத்தில் இருந்து ஆரம்பித்தேன். ஜான் சாக்மன் 1987இல் ஐ.பி.எம். ஆய்விதழில் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கட்டம், அதன் ஆறு கேள்விகள்: என்ன, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன். அப்புறம் டோகாஃப், இந்த வேலையைப் படிப்படியாகச் செய்ய வழி சொல்லும் ஒரு சட்டகம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வைத்திருந்த ஒரு சட்டகத்தை அடிப்படையாகக் கொண்டு தி ஓப்பன் குரூப் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு 1995இல் முதல் பதிப்பை வெளியிட்டது. 2022இல் பத்தாவது பதிப்பு வந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாக யோசித்து எழுதப்பட்ட விஷயம். ஆனால் ராணுவத் தலைமையகத்துக்குத் தைத்த சட்டை அது. நான் அதை அப்படியே பனியன் கம்பெனிக்கு மாட்டப் பார்த்தேன்.

நாலரை மாதம் படம் வரைந்தேன். ஆர்க்கிமேட் என்ற, இதற்கென்றே உள்ள படக் குறியீட்டில் வணிக அடுக்கு மஞ்சள், மென்பொருள் அடுக்கு நீலம், தொழில்நுட்ப அடுக்கு பச்சை. நானூறு பெட்டிகளாவது இருக்கும். பெரிய தாளில் அச்சடித்து மீட்டிங் ரூம் சுவரில் ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கட்டிங் மாஸ்டர் ஒரு நாள் அதன் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல நம்ம கட்டிங் டேபிள் எங்கீங்க சார் இருக்குது?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வீட்டில் உட்கார்ந்து அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தபோது ஒன்று புரிந்தது: நானூறு பெட்டியில் ஒன்றில்கூட அந்த விமான வாடகை பில் இல்லை.

ஃபேக்டரி மறுபடி திறந்தபோது புதிதாக ஆரம்பித்தேன். இந்த முறை ஒரே தாள். மேலே ஒரே வரி: "சொன்ன தேதியில் கப்பல் ஏற்றுவது". அதற்குக் கீழே, அது நடக்க வேண்டுமானால் கம்பெனிக்குக் கைவர வேண்டிய வேலைகள் பதினொன்று. பையரிடம் (ஆர்டர் தரும் வாடிக்கையாளர்) சாம்பிள் அப்ரூவல் வாங்குவது, நூல் பிடிப்பது, நிட்டிங், சாயத்துக்கு அனுப்பிப் பின்தொடர்வது, காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இறுக்குவது), கட்டிங் திட்டம், தையல், செக்கிங், பேக்கிங், ஏற்றுமதி ஆவணங்கள், வேலைவாரியாகத் தேதி கணக்கு வைப்பது. இந்தத் துறையில் இதற்குக் கேப்பபிலிட்டி மேப் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயம்: எவ்வளவு நன்றாகச் செய்கிறோம் (சிவப்பு, மஞ்சள், பச்சை), எந்த மென்பொருள் தாங்குகிறது, மூன்று வருடத்தில் அதற்கு எவ்வளவு செலவழித்தோம். நிறத்தை நான் போடவில்லை. அந்தந்த வேலைக்காரர்களையே போடச் சொன்னேன். சண்டை வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

தாள் நிறைந்ததும் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காசு முழுக்கத் தையல் பக்கம் கொட்டியிருந்தது. பண்டிலுக்கு (வெட்டிய துணிக் கட்டு) பார்கோடு, லைனுக்குத் திரை, மணிக்கணக்கில் உற்பத்தி எண்ணிக்கை. தையல் பச்சை. சாயப்பட்டறைப் பின்தொடர்தல் சிவப்பு. அதற்கு எதிரே மென்பொருள் கட்டத்தில் "பிராசஸிங் மேனேஜர் டைரி, போன்" என்று எழுதியிருந்தது. செலவு கட்டம் காலி. லேப் டிப் (சாய நிறத்தின் மாதிரி) ஒப்புதல் தள்ளிப்போவது, ஷேட், அதாவது நிறம், சேராமல் துணி மறுசாயத்துக்குத் திரும்புவது, வந்த துணி எடை குறைவது எல்லாம் அந்த டைரிக்குள்ளேயே பிறந்து அங்கேயே மறைந்தன. தையல் லைன் வரைக்கும் செய்தி வந்து சேரும்போது கப்பலுக்குப் பத்து நாள்கூட இருக்காது.

ஏன் அப்படி ஆனது என்றால், தையல் எங்கள் கூரைக்குக் கீழே நடக்கிறது. முதலாளி தினமும் நடந்து பார்க்கிற இடம். சாயம் வெளியே, ஜாப் ஒர்க், கூலிக்குச் செய்துதருவது. கண்ணில் பட்ட இடத்துக்குத்தான் கம்ப்யூட்டர் வந்திருந்தது.

அந்த வருடம் எல்லாத் தையல் லைனுக்கும் டேப்லெட் வாங்கும் திட்டம் ஏற்கெனவே ஒப்புதல் ஆகி இருந்தது. தாளைக் காட்டி அதை நிறுத்தினோம். ஆறு வருடத்தில் இந்த முறை எனக்குத் தந்த பெரிய பயன் எது என்று கேட்டால் அந்த நிறுத்தம்தான். அதற்குப் பதிலாகச் செய்தது மிகச் சாதாரணமான ஒரு போன் படிவம்: லாட் (சேர்த்துச் சாயத்துக்குப் போகும் துணித் தொகுதி) எண், அனுப்பிய தேதி, சொன்ன தேதி, வந்த தேதி, ஷேட் பாஸா ஃபெயிலா, எடை. சாயப்பட்டறைக்காரர்கள் நம் சாஃப்ட்வேரில் உள்ளே வந்து பதிவார்கள் என்று கனவு காணவில்லை. தினமும் பட்டறைகளைச் சுற்றும் நம் ஃபாலோ-அப் பையனே பதிந்தான்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். முதல் வருடம் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. காரணம் எண்கள். மெர்ச்சண்டைசர் (பையரோடு ஆர்டரைக் கையாள்பவர்) பேசுவது பையரின் ஸ்டைல் நம்பரில். ஃபேக்டரி பேசுவது நம் ஜாப் நம்பரில். சாயப்பட்டறைக்குத் தெரிந்தது லாட்டும் டி.சி. (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) நம்பரும் மட்டும். ஒரு லாட் லேட் என்று தெரிந்தாலும் எந்தக் கப்பல் லேட் என்று தெரியாது. போதாததற்கு எங்கள் மூன்று யூனிட்டும் ஜாப் நம்பரை மூன்று விதமாகப் போட்டன.

கணினி நிபுணர் மெல்வின் கான்வே 1968லேயே ஒன்று சொல்லிவைத்தார்: ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு, அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ அதே வடிவத்தில்தான் வரும் என்று. எங்கள் மூன்று யூனிட்டையும் நடத்துவது அண்ணன் தம்பி மூன்று பேர். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. மூவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே எண் முறைக்கு ஒப்புக்கொள்ள வைக்க எட்டு மாதம் ஆனது. கடைசியில் தீர்த்துவைத்தது மென்பொருள் அல்ல, அவர்கள் அம்மா என்று கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. அதன் பிறகு ஒரே விதி: ஜாப் நம்பர் இல்லாமல் டி.சி. அச்சாகாது. இரண்டாவது வருடம்தான் தாமதம் இரண்டு வாரம் முன்னதாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. விமானத்தில் அனுப்புவது நின்றுவிடவில்லை, இன்றைக்கும் எப்போதாவது போகிறது. ஆனால் போவதற்கு முன் பையரிடம் தேதி கேட்கவும் வேறு பட்டறைக்கு லாட்டை மாற்றவும் அவகாசம் கிடைக்கிறது.

எதிர்பாராத இடத்திலும் அந்தத் தாள் கைகொடுத்தது. 2021 ஜனவரி 1 முதல் 100 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு ஜி.எஸ்.டி. இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்கும் பில்) கட்டாயமானது, நாங்களும் அதில் வந்தோம். ஆடிட்டர் ஆபீஸில் கேட்ட முதல் கேள்வி, "உங்க கம்பெனில பில் எங்கெங்க இருந்து போகுது?" ஏற்றுமதி இன்வாய்ஸ் என்று எல்லோரும் சட்டென்று சொன்னார்கள். எந்த வேலைக்கு எந்தக் கருவி என்று தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்ததில்தான் தெரிந்தது, கட்டிங் வேஸ்ட் விற்கும் பில் ஸ்டோரில் கார்பன் தாள் வைத்த பில் புக்கில் கையால் எழுதப்படுகிறது என்று. ஜி.எஸ்.டி. எண் உள்ள வேஸ்ட் வியாபாரிக்குப் போகும் பில்லுக்கும் இ-இன்வாய்ஸ் வேண்டும். அது விடுபட்டிருந்தால் ஆடிட்டில்தான் தெரிந்திருக்கும்.

தோற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். எந்தப் புதிய மென்பொருளும் ஒப்புதல் பெற்றே வாங்க வேண்டும் என்று ஒரு கமிட்டி போட்டோம். மாதம் ஒரு முறை கூடும். மெர்ச்சண்டைசர்களுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரம் ஏது? எக்செல்லும் வாட்ஸ்அப்பும் வைத்து அவர்களே ஒரு வழி செய்துகொண்டார்கள், அதுவும் தாளில் ஏறாமல். ஒரு வருடத்தில் கமிட்டியைக் கலைத்துவிட்டு, யார் எதை ஆரம்பித்தாலும் எனக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் போதும் என்று மாற்றினோம். இப்போது எனக்கு உண்மை தெரிகிறது, முன்பு ஒழுங்கு மட்டும்தான் தெரிந்தது.

இன்னொன்று, தாள் பழசாகிவிடுவது. 2022இல் இதைப் பராமரித்துக்கொண்டிருந்த பையன் பெங்களூருக்கு வேலை மாறிப் போனான். ஏழு மாதம் யாரும் தொடவில்லை. அதை நம்பி, எப்போதோ நிறுத்திவிட்ட ஒரு சர்வருக்குப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டேன். தவறு என்னுடையதுதான். அதிலிருந்து புது கண்டுபிடிப்பு எதுவும் செய்யவில்லை. வருடாந்திர ஒப்பந்தம் புதுப்பிக்கும் பில் வரும்போதெல்லாம் அந்த வரியைத் திறந்து பார்த்துத் திருத்துவது என்று பழக்கிக்கொண்டோம். அக்கவுண்ட்ஸ் அக்கா பில்லோடு தாளையும் கேட்பார். அவர் கேட்பதால்தான் இது உயிரோடு இருக்கிறது.

மென்பொருள்களை வகை பிரிக்க, பொறுத்துக்கொள், முதலீடு செய், மாற்று, நீக்கு என்ற நான்கு கட்ட முறையைப் பயன்படுத்தினேன். நல்ல கருவி, ஆனால் எங்கள் ஊரில் எல்லாம் "பொறுத்துக்கொள்" கட்டத்திலேயே போய் விழுந்தன.

செலவு பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஆர்க்கி என்ற படம் வரையும் மென்பொருள் இலவசம், திறமூலம், நன்றாகவே இருக்கிறது. என்னைப்போல் ஒருவர் மட்டும் பயன்படுத்தினால் வேறு எதையும் வாங்க வேண்டாம். முதலாளிக்குக் காட்டும் தாளை மட்டும் எக்செல்லில் வைத்துக்கொள்ளுங்கள், ஆர்க்கியில் திறந்து காட்டினால் அவர் அலைபேசியை எடுத்துவிடுவார். டோகாஃப் சான்றிதழ் தேர்வு எழுதினேன். வேறு வேலை தேடுபவருக்கு உதவும். இருக்கிற வேலையைச் செய்ய, அதில் படித்ததில் கால்வாசி போதும். அரசுத் துறைகளுக்காக நம் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2018இல் வெளியிட்ட இண்டியா (IndEA, இந்திய எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்) சட்டகத்தையும் புரட்டலாம், எனக்கு டோகாஃபை விட அது சீக்கிரம் பிடிபட்டது. உண்மையான செலவு இதில் எதுவும் இல்லை. பத்து மேனேஜர்களை இரண்டு மணி நேரம் ஒரே அறையில் உட்காரவைப்பதுதான் செலவு, அதுவும் ஷிப்மென்ட் வாரத்தில்.

2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தபோது எங்கள் தேதிகள் எல்லாம் உடைந்தன. தாளின் மேல் வரி மாறவில்லை. பதினொரு வேலைகளும் மாறவில்லை. நாள் கணக்கை மட்டும் பின்னால் தள்ளி, அதைத் தாங்காத வேலைகளுக்கு மறுபடி நிறம் போட்டோம். ஒரே மதியத்தில் முடிந்தது.

இப்போது புதிதாக ஒரு வரி வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழலியல் வடிவமைப்பு விதிமுறை 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் ஆடைகளுக்கு, அது எங்கே எதால் செய்யப்பட்டது என்ற விவரம் தாங்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் வரும் என்பதால், துணி எங்கே சாயமானது, நூல் எங்கிருந்து வந்தது என்று சில பையர்கள் இப்போதே கேட்கிறார்கள். இளைய முதலாளி அந்த மெயிலை எனக்கு அனுப்பி, கூடவே ஒரு மென்பொருள் விற்பவரின் கொட்டேஷனையும் அனுப்பியிருந்தார். கொட்டேஷனை மூடிவைத்துவிட்டுத் தாளைத் திறந்தோம். சாயத்துக்கு, விமான வாடகைக்குப் பயந்து நாலைந்து வருடமாகப் பதிந்துவந்த லாட் கணக்கு அப்படியே இருக்கிறது. நூலுக்கு எதிரே ஒன்றும் இல்லை. மில்லில் இருந்து வரும் பையில் ஒட்டியிருக்கும் லேபிளைக் கிழித்துக் குப்பையில் போடுகிறோம். அந்தக் கட்டத்துக்குச் சிவப்பு அடித்தாயிற்று. கொட்டேஷன் இன்னும் மூடித்தான் இருக்கிறது, திங்கட்கிழமை முதல் லேபிளைக் கிழிக்க வேண்டாம் என்று ஸ்டோரில் சொல்லிவிட்டேன்.