வெள்ளையா, சில்வரா, சாம்பலா, கருப்பா, இல்ல துணிஞ்சு செவப்பா: நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுக்கு எந்த கலர் கார் கொள்ளாம்?

மார்த்தாண்டம் மேம்பாலத்துல டிராபிக்ல மாட்டி நிக்கும்போது முன்னாடி பின்னாடி பாருங்க, வெள்ளை, வெள்ளை, சாம்பல், வெள்ளை, கருப்பு, சில்வர், மறுபடி வெள்ளை, நடுவுல எப்பவாச்சும் ஒரு செவப்பு ஸ்விஃப்ட் வந்தா கண்ணு தானா அங்க போவும். அதே ஊருல கொஞ்சம் உள்ள போயி வீடுகள பாருங்க, கிளிப்பச்சை, ஆரஞ்சு, கத்தரிப்பூ கலரு, ஒரே சுவத்துல மூணு ஷேடு அடிச்ச வீடெல்லாம் இருக்கு. ஆக நம்ம ஆளுங்களுக்கு கலர் ரசனை இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. வீட்டுக்கு நமக்காக பெயிண்ட் அடிக்கோம், கார மட்டும் நாலஞ்சு வருசம் கழிச்சு அத நம்மகிட்ட வாங்கப்போற முகந்தெரியாத ஒருத்தனுக்காக கலர் பாத்து வாங்குதோம், என் கணக்குல விஷயம் இம்புட்டுதான்.

உலகம் பூரா இதே கததான் ஓடுது. ஆக்சால்ட்டான்னு ஒரு கார் பெயிண்ட் கம்பெனி வருசா வருசம் கணக்கு போடும், 2020ல உலக அளவுல வெள்ளை 38 சதவீதம், கருப்பு 19, சாம்பல் 15, சில்வர் 9. கூட்டினா 81. அமெரிக்காவுல 2004ல சுமார் 60 சதவீதம் இருந்த இந்த கலர் இல்லாத கலருங்க 2023ல 80 சதவீதம் ஆயிட்டுன்னு ஐசீகார்ஸ்ங்கற கார் தேடுற வெப்சைட்டோட கணக்கு சொல்லுது. நம்ம நாட்டுலயும் வெள்ளைதான் முதல் எடம்.

முன்ன ஒரு தடவையும் ஊரே ஒரே கலர்ல ஓடிருக்கு. ஃபோர்டு மாடல் டி 1908ல வந்த புதுசுல பச்சை, செவப்பு, சாம்பல்னு எல்லாம் கிடைச்சுது, 1914ல இருந்து 1925 வரைக்கும் கருப்பு மட்டும், ஏன்னா அசெம்பிளி லைன் ஓடுற வேகத்துக்கும் செலவுக்கும் ஒரே கலர்தான் தோது. அப்பறம் டூபாண்ட் கம்பெனியோட டூகோ லேக்கர் வந்து, வாரக்கணக்குல காஞ்சுகிட்டு இருந்த பெயிண்ட் மணிக்கணக்குல காய ஆரம்பிச்சுது, கலரும் திரும்ப வந்துது. அன்னைக்கு கருப்பா இருந்ததுக்கு பாக்டரி காரணம். இன்னைக்கு பாக்டரியால எந்த கலரும் அடிக்க முடியும், ஆனாலும் வெள்ளையும் சாம்பலும்தான் இறங்குது. அதனால ஒவ்வொரு கலரா நம்ம ஊரு வெயில், மழை, செம்மண்ணு, கடக்காத்துல வச்சு பாத்துருவோம்.

முதல்ல வெள்ளை. இதோட பெரிய பலம் சூடு. லாரன்ஸ் பெர்க்லி லேப்காரங்க கலிஃபோர்னியாவுல ஒரே மாடல் ஹோண்டா சிவிக் ரெண்ட, ஒண்ணு கருப்பு, ஒண்ணு சில்வர், வெயில்ல நிறுத்தி அளந்து பாத்தாங்க, அத 2011ல வெளியிட்டாங்க. கருப்போட கூரை சில்வர் கூரைய விட 25 டிகிரி வரைக்கும் அதிகமா கொதிச்சிருக்கு, உள்ள இருக்க காத்து 5, 6 டிகிரி கூட. வெள்ளையும் சில்வரும் இந்த விஷயத்துல ஒரே கட்சி. கன்னியாகுமரி பார்க்கிங்ல மத்தியானம் வண்டிய விட்டுட்டு விவேகானந்தர் பாறைக்கு படகு க்யூல நின்னு போயிட்டு வந்து கதவ தொறந்தவங்களுக்கு அந்த 5 டிகிரியோட அருமை தெரியும்.

ரெண்டாவது, வெள்ளை நரைக்காது. அதுல போடுற பிக்மெண்ட் டைட்டானியம் டைஆக்சைடு, வெயிலுக்கு மசியாத சாதனம், கொஞ்சம் அடிச்சாலே அடில உள்ளத மூடிரும். அது எதுல இருந்து வருதுன்னு கேட்டா சிரிப்பு வரும், இல்மனைட்டுங்கற டைட்டானியம் கனிமம். நம்ம மணவாளக்குறிச்சி கடப்புறத்துல கால வச்சா சுடுற அந்த கருப்பு மணல்ல கிடக்குற அதே சாதனம். 1909ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரரு திருவிதாங்கூர்ல இருந்து போன கயித்துல ஒட்டியிருந்த மணல பாத்து மோனசைட்டுன்னு ஒரு கதிரியக்கக் கனிமம் இருக்குன்னு கண்டுபிடிச்சாரே, அந்த மணல்தான். கொல்லம் பக்கத்துல சவறாவுல இல்மனைட்ட டைட்டானியம் டைஆக்சைடு ஆக்குற அரசாங்க பாக்டரியே இருக்கு. கருப்பு மணல்ல இருந்து வெள்ளை பெயிண்ட். மணல் எடுக்குறத பத்தி நம்ம கடற்கரை ஊருகள்ல நடக்குற சண்ட வேற கத, அத இங்க இழுக்கல.

வெள்ளையோட கெட்ட பேரு ரெண்டு. ஒண்ணு செம்மண்ணு. குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் எஸ்டேட் ரோட்டுல ஒரு மழைக்கு போயிட்டு வந்தா கதவோட கீழ்ப்பாதி பூரா காவி அடிச்ச கணக்கா தெறிச்சு நிக்கும், கழுவாம வெளிய எடுக்க முடியாது. இன்னொண்ணு டாக்சி. டூரிஸ்ட் வண்டி பெரும்பாலும் வெள்ளையா இருக்கதால, சொந்த வண்டியில வேட்டி சட்டையோட ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல நின்னா, "அண்ணே திற்பரப்பு போக எவ்வளவு"ன்னு ஒருத்தன் வந்து கேப்பான். கௌரவம் பாக்குற மாமனாருங்களுக்கு இது பெரிய பிரச்சன.

கடலோரக்காரங்களுக்கு வெள்ளையில ஒரு தனி லாபம் இருக்கு, அத ஷோரூம்ல சொல்ல மாட்டாங்க. உப்புக்காத்துக்கு கலர் எல்லாம் ஒண்ணுதான், அது அடிப்பக்கம், கதவு ஓரம், பானட் விளிம்புன்னு பூந்து வேலைய காட்டும். ஆனா வெள்ளையில துரு ஒரு கடுகு அளவு வந்தாலே பழுப்பா கசிஞ்சு கண்ணுல பட்டுரும், ஆரம்பத்துலயே சொரண்டி ப்ரைமர் போட்டுரலாம். அடர் சாம்பல்லயும் பழுப்புலயும் அது பொத்துக்கிட்டு வந்த பொறவுதான் தெரியும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் வீடுன்னா இத ஒரு தடவை யோசிங்க.

அடுத்து சில்வர். 2000களோட தொடக்கத்துல உலகமே சில்வர் பித்து பிடிச்சு அலைஞ்சுது, இப்ப ஷோரூம்ல யாரும் ஆசையா கேக்குறதில்ல, ஆனா அழுக்கு விஷயத்துல இத அடிக்க ஆளே கிடையாது. செம்மண் தூசி, உப்பு படிவு, போர் தண்ணி காஞ்ச வெள்ளப்புள்ளி எல்லாத்தையும் மறைச்சுக்கும். ஒரு வாரம் கழுவலன்னாலும் யாரும் கேக்க மாட்டாங்க. சூட்டுலயும் வெள்ளைக்கு பக்கத்துல நிக்கும்.

ஆனா ஒரசிட்டுன்னா செத்தோம். சில்வர்ல இருக்கது நெசமாவே அலுமினியத்தோட பொடிச்செதில், அந்த செதில் எந்த கோணத்துல படுத்திருக்கோ அதுக்கு தக்கன வெளிச்சம் திரும்பும். அதனால கம்பெனியோட கலர் நம்பர் சரியா இருந்தாலும், பெயிண்ட் துப்பாக்கி பிடிக்கிற தூரமும் காத்து அழுத்தமும் மாறினா ஷேடு மாறும். தக்கலை பக்கம் ஒரு சின்ன டிங்கரிங் கடையில ஒரு மேஸ்திரி ஃபெண்டர் அடிக்கத பாத்தேன். முதல்ல ஒரு அட்டையில அடிச்சு காய வச்சு, அத கதவு மேல வச்சு நேரா பாத்தாரு, அப்பறம் வண்டியோட பின்பக்கம் போயி குனிஞ்சு சரிவா பாத்தாரு, நேரா பாத்தப்ப ஒரே கலர், சரிவுல பாத்தா அட்டை ஒரு சொட்டு கருத்து நிக்குது. தின்னர் கூட்டி மறுபடி ஒரு அட்டை. கடைசியில ஃபெண்டர்ல மட்டும் அடிச்சா கோடு தெரியும்னு சொல்லி, நல்லா இருக்க கதவுலயும் பாதி வரைக்கும் மங்கலா இழுத்துவிட்டு, முழு கதவுக்கும் கிளியர், அதாவது மேல அடிக்கிற கலரில்லாத கோட்டு, அடிச்சாரு. ஆக ஒரு பேனல் வேல ஒண்ணரை பேனல் வேலயாச்சு, காசும் அப்படித்தான். சாதா வெள்ளையில இந்த கூத்தெல்லாம் கிடையாது, நம்பர் பாத்து கலக்கி அடிச்சா சோலி தீந்துது. பேர்ல் வெள்ளைன்னா கத வேற, அதுல டைட்டானியம் டைஆக்சைடு பூசின அப்ரகம், அதாவது மைக்காச் செதில் கிடக்கும், மூணு கோட்டு வர்றதும் உண்டு, சில்வரவிட கஷ்டம். வெள்ளைதானேன்னு நெனச்சு பேர்ல் வாங்குறவங்க இத தெரிஞ்சுக்கணும்.

சாம்பல் இப்ப ஃபேஷன். மெட்டாலிக் சாம்பல் கொள்ளாம், கம்பீரமாத்தான் இருக்கு, அழுக்கையும் ஓரளவு மறைக்கும். இப்ப புதுசா வருதே மினுக்கமே இல்லாத சிமெண்ட் சாம்பல், அதத்தான் என்னால தாங்க முடியல, பட்டி பாத்துட்டு பெயிண்ட் அடிக்க காசு இல்லாம விட்ட வண்டி மாதிரி இருக்கு. ஆடி (Audi) கார் கம்பெனிக்காரன் நார்டோ க்ரேன்னு ஒரு கலர் விட்டதுல இருந்து சின்ன வண்டி வரைக்கும் இந்த வியாதி வந்துட்டு. ரசனை அவங்கவங்க இஷ்டம், நான் சொல்ல வந்தது வேற. ஆஸ்திரேலியாவுல மோனாஷ் பல்கலைக்கழகம் 2007ல ஒரு ஆய்வு விட்டுச்சு, வெள்ளை காரோட ஒப்பிட்டா பகல் நேரத்துல விபத்து ஆபத்து கருப்புக்கு 12 சதவீதம், சாம்பலுக்கு 11, சில்வருக்கு 10 கூட. ஜூன் ஜூலையில மழை ஊத்தும்போது அழகியமண்டபம் ரோட்டுல ரோடும் சாம்பல், வானமும் சாம்பல், எதுக்க லைட்டு போடாம வர்ற வண்டியும் சாம்பல். பைக்குக்காச்சும் 2017ல இருந்து லைட்டு தானா எரியுது, காருக்கு நாமதான் போடணும். சாம்பல் வாங்குறவங்க மழையில லைட்ட போடுங்க, அவ்வளவுதான்.

கருப்பு பத்தி நெறைய பேச வேண்டாம். டெலிவரி எடுக்கும்போது ராஜா, ஒரு மாசம் கழிச்சு பழைய துணியால துடைச்ச கோடெல்லாம் வட்டவட்டமா வெயில்ல தெரியும். தென்னை மூட்டுல நிறுத்தினா காக்கா எச்சம், கருப்பு பேனல் ரொம்ப சூடாவதால கிளியர் கோட்டு இளகி அந்த எச்சம் அரிச்சு தடம் விழும். வீட்டுல கார் ஷெட்டும் காலையில துடைக்க ஆளும் இருந்தா வாங்குங்க.

இனி கலரு. செவப்புன்னாலே நம்ம ஒர்க்ஷாப்ல முதல்ல வர்ற வார்த்த, "வேண்டாம் மக்கா, ரெண்டு வருசத்துல ரோஸ் ஆயிரும்". அது பொய் கிடையாது, பழைய மாருதி 800 செவப்பு வெளுத்து பன்னீர் ரோஸ் கலருக்கு வந்து நின்னத எல்லாரும் பாத்திருக்கோம். ஆனா அந்த காலத்து சாதா பெயிண்ட்ல பிக்மெண்ட் நேரா வெயில் முன்னாடி நின்னுச்சு. இப்ப பேஸ் கோட்டு மேல கிளியர் கோட்டு, அதுல புற ஊதாக்கதிர தடுக்குற மருந்து, போதாததுக்கு செவப்பு பிக்மெண்டே ரொம்ப மாறிட்டு. கிளியர் நல்லா இருக்க வரைக்கும் செவப்பு நிக்கும், கிளியர் உரிஞ்சா எந்த அடர் கலரும் அசிங்கமாத்தான் ஆவும். மேஸ்திரிங்க தொண்ணூறுகள்ல பாத்தத வச்சு இன்னும் பேசுதாங்க. செவப்புக்கும் மஞ்சளுக்கும் உள்ள நெசமான குறை, அது அடில உள்ளத சீக்கிரம் மூடாது, அதுக்கு தக்க அடிக்கலர் போட்டு கூட ஒரு கோட்டு இழுக்கணும், டச்சப் செலவு கூடும். நீலம், வெள்ளை சாம்பலுக்கும் இந்த செவப்பு மஞ்சளுக்கும் நடுவுல நிக்கும், நடுத்தர நீலம்னா அழுக்கும் ஓரளவு மறையும், ஆனா யாரும் அத ஒரு ஆப்ஷனாவே எடுக்குறதில்ல.

ஏன் எடுக்குறதில்லன்னா, பாக்டரி, டீலர், நாம, புரோக்கர்னு போற சங்கிலியில ஒவ்வொருத்தனும் அடுத்தவன நெனச்சு பயப்படுதான். பாக்டரியில பெயிண்ட் ஷாப்தான் செலவு பிடிச்ச எடம், கலர் மாத்தும்போதெல்லாம் பைப்பையும் துப்பாக்கியையும் கழுவி ஊத்தணும், ஒரே கலர்ல வரிசையா ஓட்டினா லாபம். டீலருக்கு விக்காத நீல வண்டி முற்றத்துல நின்னா வட்டி ஏறும், அதனால அவரு வெள்ளையும் சாம்பலும் ஸ்டாக் எடுப்பாரு. நாம போயி நீலம் கேட்டா, "வெள்ளை நாளைக்கே தரலாம் சார், நீலம்னா கொஞ்சம் வெயிட்டிங்"னு சொல்லுவாங்க, நமக்கோ நல்ல நாள் பாத்து குறிச்சாச்சு, பொண்ணு கல்யாணம் வேற வருது, வெள்ளைய எடுத்துட்டு வந்துருவோம். அந்த வெள்ளை விற்பனை கணக்குல ஏறும், அத பாத்து அடுத்த வருசம் இன்னும் கூட வெள்ளை அடிப்பான். நடுவுல பழைய வண்டி புரோக்கர், மஞ்சளப் பாத்தா மூஞ்ச சுளிச்சு வெலைய குறைப்பாரு. இத்தனைக்கும் அமெரிக்காவுல ஐசீகார்ஸ் கணக்குப்படி மதிப்பு கொறைவா எறங்குறது மஞ்சள் கார்தான், அதுல ஸ்போர்ட்ஸ் கார் ஜாஸ்தி, கேக்குற ஆளுங்களுக்கு தக்க வண்டி இல்லாம தேடி அலைவாங்க. நம்ம ஊரு புரோக்கர்ட்ட இந்த கணக்க சொன்னா டீ வாங்கிக்குடுத்து அனுப்பிருவாரு.

என் முடிவு என்னன்னா, நாலஞ்சு வருசத்துல மாத்துற ஆளு, கடலோர வீடு, ஷெட் இல்ல, இதுல எது இருந்தாலும் சாதா வெள்ளை, பேர்ல் வேண்டாம். எஸ்டேட் ரோடு, மல ரோடு, கழுவ நேரமில்ல, ஆனா ஒரசாம ஓட்டுவேன்னு தைரியம் இருந்தா சில்வர், அதுவும் கேக்க ஆளில்லாததால பேரம் பேச எடம் இருக்கும். பத்து வருசம் வச்சு ஓட்டப்போறேன்னா ரீசேல் பயத்த தூக்கி போட்டுட்டு நீலமோ செவப்போ எடுங்க, பத்து வருசம் ஆன வண்டிக்கு புரோக்கர் எப்பிடியும் அடிமாட்டு வெலதான் கேப்பாரு, கலரப் பாத்து இன்னும் என்னத்த குறைக்கப் போறாரு.

வாங்கின பொறவு மாத்திக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, ஆர்சி புக்குல கலர் ஏறியிருக்கும், முழு வண்டியையும் வேற கலர் அடிச்சா டிஎன் 74 (நாகர்கோவில்) ஆனாலும் டிஎன் 75 (மார்த்தாண்டம்) ஆனாலும் ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதி வாங்கணும், இன்சூரன்ஸ்லயும் சொல்லணும். ராணுவப் பச்சை தனியாருக்கு கிடையவே கிடையாது. புக்கிங் ஃபார்ம்ல "சாம்பல்"னு மட்டும் எழுத விடாதீங்க, ஒரே மாடல்ல ரெண்டு சாம்பல் வரும், கம்பெனி வச்ச முழு பேரையும் எழுதி வாங்குங்க, அதுக்கு முன்னாடி அந்த வண்டிய ஷோரூம் லைட்டுக்கு வெளிய எறக்க சொல்லி வெயில்ல ஒரு தடவை பாத்துருங்க.