ஜேர்மன் சந்தையில் நம் தேயிலைப் பெயரைத் திருடினால் யாரைப் பிடிப்பது? நாங்கள் எடுத்த சட்டச் சேவை பற்றி

ஒன்லைனில் ஜேர்மனிக்குத் தேயிலை, கறுவா, மிளகு அனுப்பும் மலையகத்துச் சின்ன வியாபாரிகள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். பேர்லினில் இருக்கும் ஒரு சிறிய சட்ட அலுவலகத்தின் சேவையை நாங்கள் எடுத்தோம். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன். மிச்ச ஒன்றை ஏன் கொடுக்கவில்லை என்பதையும் சொல்கிறேன்.

நாங்கள் ஹற்றன் பக்கம். தேயிலைச் சபையில் ஏற்றுமதியாளராகப் பதிந்து, சிலோன் தேயிலைக்கான சிங்க இலச்சினைக்கு அனுமதி வாங்கி, டிக்கோயாவில் பெக்கட் பண்ணி ஒரு பெரிய ஒன்லைன் சந்தையில் விற்கிறோம். நத்தார் வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில், எங்கள் பொருளின் பக்கத்திலேயே, எங்கள் படம், எங்கள் பெயர் எல்லாம் அப்படியே இருக்க, இன்னொரு விற்பனையாளர் குறைந்த விலையோடு வந்து ஒட்டிக்கொண்டார். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. விலை குறைவாக இருப்பதைத்தான் அமத்துவார். கொஞ்ச நாளில் "மணமே இல்லை", "இது சிலோன் தேயிலையே இல்லை" என்று ஒற்றை நட்சத்திரங்கள் விழத் தொடங்கின. விழுந்தது எங்கள் பெயரில்.

சந்தையின் முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பினால், ஒரே அச்சில் வார்த்த மாதிரிப் பதில்தான் வந்தது. எங்கள் டிரேட்மார்க் கொழும்பில் பதிந்தது, அது ஐரோப்பாவில் செல்லாது, அதனால் டிரேட்மார்க் உள்ளவர்களுக்கு அந்தச் சந்தை வைத்திருக்கும் பிராண்ட் பதிவுக்குள்ளும் போக முடியவில்லை. அப்போதுதான் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மாமா மகன் இந்த அலுவலகத்தைப் பிடித்துத் தந்தார்.

முதல் வீடியோ பேச்சு இலவசம். அந்தச் சட்டத்தரணி அம்மா எடுத்த எடுப்பில் கேட்டது, "இது உங்களுக்கு எப்போது தெரிய வந்தது?" ஏனென்றால் ஜேர்மன் நீதிமன்றத்தில் அவசரத் தடை உத்தரவு கேட்பதானால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து அதிகம் தாமதிக்கக் கூடாதாம். மியூனிக் நீதிமன்றங்கள் ஒரு மாதத்துக்கு மேல் போனால் அவசரம் இல்லை என்றே தள்ளிவிடும். முறைப்பாட்டுப் படிவத்தின் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருப்பவர்களுக்கு இந்த ஒரு மாதம் போனதே தெரியாது. நான் இந்தச் சேவையை மெச்சுவதற்கு முதல் காரணம் இதுதான், காசு பேசுவதற்கு முன்னாலேயே இதைச் சொன்னார்கள்.

எனக்கு இருந்த பெரிய சந்தேகம், வெளிநாட்டுக்காரரான நமக்கு நேர்மையற்ற போட்டியைத் தடுக்கும் ஜேர்மன் சட்டம் கிடைக்குமா என்பது. கிடைக்கும். தொழிற்சொத்துக்கான பாரிஸ் உடன்படிக்கையில் இலங்கை 1952 முதல் இருக்கிறது. உறுப்பு நாட்டவர்கள் எல்லோருக்கும் நேர்மையற்ற போட்டியிலிருந்து பாதுகாப்புத் தரவேண்டும், தன் நாட்டவரைப் போலவே நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டிலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் 160 ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஆனால் போட்டி நடப்பது ஜேர்மன் சந்தையில் என்பதால் பொருந்துவது ஜேர்மன் சட்டம், கொழும்பில் வழக்குப் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த ஜேர்மன் சட்டத்துக்கு டிரேட்மார்க் கூடத் தேவையில்லை. எங்கள் பொருள் என்று நம்பவைத்து வேறு பொருளை அனுப்புவது வாங்குபவரை ஏமாற்றுவது, அது போதும். ஒரேயொரு நிபந்தனை, நாம் உண்மையிலேயே அங்கே தொடர்ந்து, சொல்லும்படியான அளவில் விற்பவராக இருக்க வேண்டும். 2021 கடைசியிலிருந்து இந்த விதி இறுக்கமாக இருக்கிறது. அதனால் எங்கள் விற்பனைக் கணக்கு முழுவதையும் கேட்டு வாங்கினார்கள்.

அப்புறம் அந்த அலுவலகத்தாரே மற்ற விற்பனையாளரிடம் ஒரு பெக்கட் வாங்கிப் பார்த்தார்கள். வீடியோவில் அதையும் எங்கள் பெக்கட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தார் அந்த அம்மா. எங்கள் பெக்கட்டின் வாயில் சூட்டில் அழுத்திய வரி வரியான தடம் இருக்கும், மற்றதில் மடித்துப் பசை போட்டிருந்தது. அதிலிருந்த சிங்கம் வெளிறிப்போய் இருந்தது. கீழே இலங்கையில் பெக்கட் செய்யப்பட்டது என்ற வரியே இல்லை. இலங்கையிலேயே பெக்கட் செய்த, நூறு வீதம் சிலோன் தேயிலைக்கு மட்டும்தான் அந்தச் சிங்கத்தைப் போடலாம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். உள்ளே கொட்டிப் பார்த்தால் எங்கள் பி.ஓ.பி. தரத் தேயிலை முறுக்கிய சின்ன இலையாக இருக்க, அவர்களுடையது வெறும் தூள். எங்கள் பெக்கட்டிங் அக்காமார் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கக் கொதித்துப் போயிருந்தார்கள், நியாயம்தானே.

இதையெல்லாம் சேர்த்து அப்மானுங் என்று அங்கே சொல்லும் எச்சரிக்கைக் கடிதம் போனது. இனிச் செய்யமாட்டேன், செய்தால் இவ்வளவு தண்டப்பணம் கட்டுவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லிக் குறுகிய தவணை. ஜேர்மனியில் ஒன்லைனில் விற்பவர் தன் பெயர், முகவரியை விற்பனைப் பக்கத்தில் போட்டே ஆக வேண்டும் என்பதால் ஆளைத் தேடி அலையவில்லை. அது அங்கேயே பதிந்த கொம்பனி. தவணை முடிவதற்குள் கையெழுத்துப் போட்டு, எங்கள் பொருளின் விற்பனைப் பக்கத்திலிருந்து இறங்கிவிட்டார்கள். கடிதம் நியாயமானதாக இருந்தால் அதன் செலவை மற்றப் பக்கம்தான் கொடுக்க வேண்டும். நாங்கள் கட்டியதில் பெரும்பகுதி கொஞ்சம் தாமதமாகவேனும் திரும்பி வந்தது.

சரி, குறைகள். போன வியாபாரத்துக்கு நட்டஈடு ஒரு சதமும் கிடைக்கவில்லை. அதற்குத் தனி வழக்குப் போட வேண்டும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர் வழக்குப் போட்டால் செலவுக்குப் பிணைப்பணம் கட்டச் சொல்லி எதிராளி கேட்கலாம். இதை அவர்கள் மறைக்கவில்லை, ஆனால் கட்டண விவரத்தோடு முதலிலேயே எழுதித் தந்திருக்கலாம். கெட்ட விமர்சனங்களை நீக்குவது அவர்களுடைய கட்டணத்துக்குள் வராது என்பதும் பிந்தித்தான் தெரிந்தது, சில இன்னும் அப்படியே கிடக்கின்றன. எங்கள் கணக்கைச் சந்தையே முடக்கினால் என்ன செய்வது என்று கேட்டதற்கு வந்த பதிலும் மனதைச் சோர வைத்தது. காரணம் சொல்லாமல் முடக்கக் கூடாது என்று 2019 இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த ஒழுங்குவிதி, ஒன்றியத்துக்குள் நிலையம் வைத்திருக்கும் வியாபாரிகளுக்குத்தானாம். டிக்கோயாவிலிருந்து விற்கும் நமக்கு அந்தக் குடை இல்லை. இது சட்டத்தின் பெரிய ஓட்டை என்றே நினைக்கிறேன். ஒரே சந்தைக்கு ஒரே கட்டணம் கட்டுகிறோம், காரணம் கேட்கும் உரிமை மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

எதிராளி ஐரோப்பாவுக்கு வெளியே, முகவரியே சரியில்லாத ஆளாக இருந்தால் இதே கடிதம் இவ்வளவு வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உத்தரவு எடுக்கலாம், கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பாடு. இன்னொன்று, அந்தச் சட்டம் நம் பக்கமும் திரும்பும். கறுவா சீனி வருத்தத்தைக் குறைக்கும் என்று பெக்கட்டில் எழுதி விற்பவர்களுக்கு அங்கிருக்கும் போட்டியாளர் இதே மாதிரிக் கடிதம் அனுப்பலாம், அதனால் சண்டைக்குப் போகும் முன் நம் பக்கத்தைச் சுத்தமாக வைத்திருங்கள்.

ஐரோப்பிய டிரேட்மார்க்குக்கும் இவர்களிடமே விண்ணப்பித்திருக்கிறோம். ஒரு பொருள் வகுப்புக்கு அரச கட்டணம் 850 யூரோ, பத்து வருடத்துக்கு. சட்டத்தரணி கட்டணம் தனி. மாதத்தில் நாலைந்து பெக்கட் விற்பவருக்கு இது கட்டாது. நத்தாரை நம்பி ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கிற அளவுக்கு விற்பவர்கள், ஒக்டோபருக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். குளிர்காலத்தில் அவர்கள் நம்மைவிட நாலரை மணித்தியாலம் பின்னால், மத்தியானம் இரண்டுக்குப் பிறகு எடுத்தால் ஆளைப் பிடிக்கலாம்.