கியர் பாக்ஸ் போய்விட்டது என்றால், முதலில் கிளட்ச் கேபிளைப் பாருங்கள்

பின்புறம் கத்திகள் அமைந்த, மண்ணை உழும் தோட்ட டில்லர் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். எஞ்சின் சீராக ஓடியும் கத்திகள் மண்ணில் இறங்கியவுடன் நின்றுவிடத் தொடங்கியதால், அதைப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். பெல்ட் மூடியைக்கூடக் கழற்றாமல், கியர் பாக்ஸின் உள்ளே பற்சக்கரம் தேய்ந்துவிட்டது, மாற்றியாக வேண்டும் என்றார். நானும் நம்பி, கேட்ட தொகையைக் கொடுத்தேன்.

திரும்பி வந்த டில்லர் நன்றாகவே உழுதது. ஆனால் பாத்தியின் முனையில் லீவரை விட்டபோது அது நிற்காமல், கத்திகள் சுழன்றபடியே வேலியை நோக்கிச் சென்றது. எஞ்சினை அணைத்த பிறகே அடங்கியது.

என்னுடையதைப் போன்ற டில்லரில் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் பெல்ட், லீவரைத் தொடாதவரை தளர்வாகவே கிடக்கும். கைப்பிடியிலுள்ள லீவரை அழுத்தினால் கிளட்ச் கேபிள் இழுபட்டு, ஒரு சிறு புல்லி பெல்ட்டின் மேல் அழுந்தி அதை இறுக்கும். அப்போதுதான் சக்கரங்களுக்கும் கத்திகளுக்கும் விசை போகும். லீவரை விட்டால் ஸ்பிரிங் அந்தப் புல்லியை விலக்க, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கத்திகள் நின்றுவிட வேண்டும். நாளடைவில் கேபிள் நீண்டுபோனால் பெல்ட் போதிய அளவு இறுகாது; தூக்கிப் பிடித்தால் சுழலும் கத்திகள், மண்ணின் பளு ஏறியதும் நின்றுவிடும். எனக்கு நேர்ந்த கோளாறு இவ்வளவுதான்.

இதை விளக்கியவர் நான் பிறகு நாடிய இன்னொரு மெக்கானிக். கியர் பாக்ஸ் போல்ட்டுகளின் மேல் இருந்த பழைய பெயின்ட் சிறிதும் பெயரவில்லை. உள்ளே கறுத்துப்போன பழைய ஆயில். பெல்ட்டை மட்டும் ஓர் அளவு குட்டையாகப் போட்டு, அது எப்போதும் இறுகியே இருக்கும்படி விட்டிருந்தார்கள். பின்னோக்கிச் செல்ல என் டில்லரில் தனி பெல்ட்டும் தனி லீவரும் உண்டு. அந்த லீவரை இழுத்தபோதெல்லாம் இரண்டு பெல்ட்டுகளும் எதிரெதிராக இழுத்ததே அப்போது வந்த ரப்பர் கருகும் நாற்றத்துக்குக் காரணம் என்பதும் அப்போதுதான் புரிந்தது. பின்னோக்கி வரும்போது கத்திகள் நம் கால்களை நோக்கியே வருகின்றன என்பதை நினைத்தால் இப்போதும் நடுக்கமாக இருக்கிறது.

சரியான அளவு பெல்ட்டைப் போட்டு, கேபிளின் திருகைச் சில சுற்றுகள் முறுக்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது. இதே கோளாறு உங்களுக்கு வந்தால், எஞ்சினை அணைத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, வேறொருவரிடம் லீவரை அழுத்தச் சொல்லிப் பெல்ட் இறுகுகிறதா என்று பாருங்கள். கியர் பாக்ஸ் உண்மையில் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் அரைபடும் சத்தம் கேட்கும், ஆயிலில் உலோகத் துகள் தெரியும். பணம் கொடுக்கும் முன் அங்கேயே டில்லரை ஓட்டி, லீவரை விட்டவுடன் கத்திகள் நிற்கின்றனவா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலாமவரிடம் திரும்பிப் போய், மாற்றியதாகச் சொன்ன பழைய பற்சக்கரத்தைக் கேட்டேன். அதை எறிந்துவிட்டதாகச் சொன்னார்.