காட்பாடியில் ஒரு கல்லீரல் கிளினிக்: ஃபேட்டி லிவருக்குச் சென்ற அனுபவம்

குடியாத்தத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் மைத்துனருக்கு வயது 52. நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு; குடிப்பழக்கம் இல்லை. வேறு காரணத்துக்காக எடுத்த வயிற்று ஸ்கேனில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ (கல்லீரலில் கொழுப்பு படிதல்) என்று எழுதி வந்ததும், வீட்டில் ஒருவர் கீழாநெல்லிச் சாறு என்றார், இன்னொருவர் கல்லீரல் டானிக் என்றார். இரண்டையும் தள்ளிவைத்துவிட்டுக் காட்பாடியிலுள்ள இந்தச் சிறிய புறநோயாளர் கிளினிக்குக்கு அவரை அழைத்துச் சென்றோம். எங்கள் வட்டாரத்தில் இந்த அறிக்கையோடு பயந்துபோய் நிற்பவர்கள் பலர் என்பதால், அங்கே என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மருத்துவர் ஸ்கேனில் இருந்த ‘கிரேடு’ எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லீரலில் கொழுப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்பதைவிட, அதனால் தழும்பு விழத் தொடங்கியிருக்கிறதா என்பதே பிற்கால ஆபத்தைத் தீர்மானிக்கும் என்றும், சாதாரண அல்ட்ராசவுண்ட் கொழுப்பைக் காட்டுமே தவிர ஆரம்பகட்டத் தழும்பைக் காட்டாது என்றும் விளக்கினார். மது பற்றிய கேள்வியை எங்களை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்டார். குடும்பத்தார் முன்னிலையில் யாரும் இதற்கு உண்மையைச் சொல்வதில்லை என்பதால் அது சரியான முறை என்றே நினைக்கிறேன். ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகளுக்கு எழுதித் தந்தார். ஸ்டீராய்டு, நாட்டு மருந்து ஏதேனும் எடுத்ததுண்டா என்றும் விசாரித்தார்.

அதன்பின் ஒரு சிறு கணக்கு. வயதை, கல்லீரல் பரிசோதனையில் வரும் ஏஎஸ்டி என்ற நொதியின் அளவால் பெருக்கி, ஆயிரங்களில் எழுதிய தட்டணுக்களின் எண்ணிக்கையையும் ஏஎல்டி என்ற இன்னொரு நொதியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் ‘ஃபிப்-4’ என்ற எண் கிடைக்கிறது. மைத்துனருக்கு ஏஎஸ்டி 48, ஏஎல்டி 64, தட்டணுக்கள் 2.1 லட்சம், அதாவது 210 ஆயிரம். மருத்துவர் அதை எங்கள் கண்முன்னே தாளில் போட்டுக் காட்டினார். விடை ஏறத்தாழ 1.49. இந்த எண் 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு; 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் நிபுணரிடம் போயே ஆக வேண்டும். இடையில் நிற்பவர்களுக்குத்தான், தழும்பால் கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் சோதனை. 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கீழ் எல்லையை 2 என்று கொள்ள வேண்டுமாம். ஏற்கெனவே கையில் இருந்த ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டே இதைச் செய்ய முடிந்தது. வந்தவர்கள் எல்லோரையும் நேராக இயந்திரத்தில் படுக்க வைக்காமல், தேவைப்படுபவர்களை மட்டும் அனுப்புவதுதான் இந்தக் கிளினிக்கின் மேல் எனக்கு மதிப்பை ஏற்படுத்தியது.

குறையும் இங்கேதான் நேர்ந்தது. ஃபைப்ரோஸ்கேனுக்கு முன் குறைந்தது 3 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. முன்பதிவுக்கு இரண்டு முறை தொலைபேசியில் பேசியும் வரவேற்பில் யாரும் இதைச் சொல்லவில்லை. வழியில் வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவரை, மின்விசிறி சரியாக ஓடாத கூடத்தில் மதியம் வரை உட்கார வைத்தார்கள். வேலூர் வெயிலில் அது எப்படி இருக்கும் என்பதை உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சோதனை என்னவோ எளிதுதான்: மல்லாந்து படுத்து, வலக்கையைத் தலைக்குப் பின்னே வைத்துக்கொள்ள, விலா எலும்புகளின் இடையே கருவி லேசாகத் தட்டுகிறது, பத்து அளவீடுகளில் முடிந்துவிடுகிறது. வந்த விடை 6.8 கிலோபாஸ்கல். 8-க்குக் கீழே என்பதால் முற்றிய தழும்பு இல்லை என்றார்கள்.

மருந்துச் சீட்டு வியப்பாக இருந்தது: கல்லீரலுக்கென்று ஒரு மாத்திரைகூட இல்லை. மாறாக, கல்லீரல் கெட்டுவிடும் என்ற பயத்தில் மைத்துனர் தாமாகவே நிறுத்தியிருந்த, ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொன்னார். “உங்களைப் போன்றவர்களுக்குக் கல்லீரலைவிட இதயத்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன், ஐயா” என்று அவர் சொன்னதற்குப் பிறகுதான் மைத்துனர் வாதாடுவதை விட்டார். 82 கிலோ எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே கொழுப்பு குறையும். 7 முதல் 10 விழுக்காடு, அதாவது ஆறு முதல் எட்டு கிலோ குறைந்தால் அழற்சியும் தணியும் என்பது மருத்துவர் தந்த இலக்கு.

உணவு ஆலோசகர் நேரில் பேசியது அருமை. கடையில் ஒரு நாளைக்கு எத்தனை டீ, ஒவ்வொன்றிலும் எத்தனை கரண்டி சர்க்கரை, ஆம்பூர் பிரியாணி மாதம் எத்தனை முறை, ஆற்காடு மக்கன் பேடா யார் வாங்கி வருகிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். சர்க்கரை போடாத காபி குடிப்பதில் தடையில்லை என்றார். ஆனால் கையில் கொடுத்தனுப்பிய அச்சிட்ட தாளில் ஓட்ஸ், ப்ரோக்கோலி, ஆலிவ் எண்ணெய் என்றே இருந்தது. கேழ்வரகுக் களியும் முருங்கைக் கீரையும் கொள்ளும் கிடைக்கிற ஊரில் இதை எவர் பின்பற்றுவார்? அந்தத் தாளைத் தமிழில், நம் சமையலுக்கேற்ப மாற்றி எழுதுவது ஒரு நாள் வேலைதான்.

மருத்துவத்துக்கு ஐந்துக்கு ஐந்து, வரவேற்புக்கு இரண்டு. செல்பவர்கள் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களையும், தற்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். ஃபைப்ரோஸ்கேன் தேவைப்படலாம் என்பதால் காலைச் சிற்றுண்டியைக் கட்டிக்கொண்டு போய், சோதனை முடிந்த பின் சாப்பிடுங்கள்.