75,000 கொடுத்து இரண்டு வீடியோ: சிறுதொழில் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நேற்று மாலை அந்த வீடியோ ஏஜென்சியிடமிருந்து கடைசியாக ஒரு வரி வந்தது. "உங்கள் ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது மேடம், இனிப் பேச ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டு, நான் பதில் அடித்து முடிப்பதற்குள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். ஆறு வீடியோக்களுக்காக நான் கொடுத்தது 75,000 ரூபாய். கைக்கு வந்தவை இரண்டு. அந்த இரண்டிலும் என் கடையின் பெயர் இருப்பதை நினைத்தாலே எனக்கு உடல் கூசுகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் விடியற்காலையில் உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை முதலில் சொல்கிறேன். வீடியோ எடுக்கக் கொடுக்கும் முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஏஜென்சியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. சிறிய கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் "குறைந்த செலவில் வைரல் வீடியோ" செய்து தருவதாகச் சமூக ஊடகங்களில் ஓயாமல் விளம்பரம் ஓட்டும் வகையைச் சேர்ந்தது அது. அதே வாக்குறுதியோடு வேறு பெயரில் ஒன்று உங்கள் ஃபோனுக்கும் வந்திருக்கும்.

நான் தையல் மெஷின் விற்பதும் பழுது பார்ப்பதுமாக ஒரு கடை நடத்துகிறேன். அப்பாவிடம் கற்ற தொழில். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இருந்து தைப்பவர்கள், அவர்கள் கொண்டுவரும் புகாரும் பெரும்பாலும் ஒன்றேதான்: துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்கிறது. சிக்கல் அடியில் தெரிவதால், அடி நூலைச் சுற்றி வைக்கும் பாபின்தான் கெட்டுவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பெரும்பாலும் மேல் நூலைக் கோர்த்த விதத்தில்தான் தவறு இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைக் கீழே இறக்கி வைத்துவிட்டு நூல் கோர்த்தால், நூலுக்கு இழுவை கொடுக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருப்பதால் நூல் அவற்றுக்கு இடையில் உட்காராது. இழுவை இல்லாமல் தளர்ந்து வரும் அந்த நூல் முழுவதும் துணிக்கு அடியில் போய்க் குவிந்துவிடும். ஃபுட்டை மேலே தூக்கி வைத்துக்கொண்டு திரும்பக் கோர்த்தால் போதும், செலவே இல்லாமல் சரியாகிவிடும்.

இதை ஒருநாள் ஜன்னல் வெளிச்சத்தில் ஃபோனைச் சாய்த்து வைத்து 52 வினாடி வீடியோவாக எடுத்து, கடையின் பக்கத்தில் போட்டிருந்தேன். கை ஆடும், மின்விசிறிச் சத்தம் கேட்கும், என் முகம்கூடத் தெரியாது. ஆனாலும் அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் ஃபோன் செய்தார்கள், அவர்களில் ஒருவர் பழைய மெஷினைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கிப் போனார். இதையே ஒழுங்கான ஒலியோடும் ஒளியோடும் செய்தால் இன்னும் பலரைச் சென்றடையுமே என்ற ஆசைதான் என்னை அந்த விளம்பரத்தை அழுத்த வைத்தது.

அவர்கள் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் கடைக்கு வந்தார். நான் ஏமாந்த இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும். வந்ததும் அவர் விலைப்பட்டியலை எடுக்கவில்லை. வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, மேசையில் கிடந்த, பாபினை உள்ளே வைக்கும் சிறு கூடான பாபின் கேஸைக் கையில் எடுத்து, "இது என்ன அக்கா?" என்று கேட்டார். பாபின் கேஸிலிருந்து வரும் நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டால் அது அப்படியே நிற்க வேண்டும், கையை லேசாக உதறினால் சிறிது மட்டும் கீழே இறங்கி மறுபடி நிற்க வேண்டும், சரசரவென்று இறங்கினால் டென்ஷன் தளர்ந்திருக்கிறது என்று செய்து காட்டினேன். அவரும் திருகாணியைத் திருப்பித் திருப்பி, மூன்று முறை முயன்று, சரியான இடத்தில் நிறுத்திவிட்டுச் சிரித்தார். "இதுதான் அக்கா வீடியோ. இதை அப்படியே எடுத்தாலே போதும், வேறு எதுவும் வேண்டாம்" என்றார். என் தொழிலைப் புரிந்துகொண்ட ஒருவர் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நான் முழு மனதோடு நம்பினேன்.

அதே மூச்சில் அவர் சொன்ன இன்னொன்றையும் நம்பினேன். நான் எடுத்திருந்த அந்த 52 வினாடி வீடியோ "கடையின் தரத்தைக் குறைத்துக் காட்டுகிறது" என்றும், புது வீடியோக்கள் வரும்போது பழையது இருந்தால் பார்ப்பவர்களுக்குக் குழப்பமாகும் என்றும் சொன்னார். அவர் எதிரிலேயே அதை அழித்தேன். என்னிடம் அதற்கு வேறு பிரதியும் இல்லை. 75,000 போனதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன், இதை மறக்க முடியாது.

ஆறு செங்குத்து வீடியோக்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள், சப்டைட்டிலோடு, மொத்தம் ஒரு லட்சம் பார்வைகள் உறுதி. அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாக்குறுதி இவ்வளவுதான், தனியாக ஒப்பந்தம் எதுவும் இல்லை. "இந்த வாரமே முழுப் பணமும் கட்டினால் படப்பிடிப்புக் கட்டணம் இலவசம்" என்றார்கள். நான்கு மாதமாகக் கடைக்கு ஒரு புதுப் பெஞ்ச் போடுவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த 75,000 ஐயும் ஒரே தவணையில் அனுப்பினேன். பணம் போனது ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு. அப்போதே கேட்டேன், நிறுவனக் கணக்கில் ஏதோ மாற்றம் நடக்கிறது, பில் பின்னால் வரும் என்றார்கள். அந்த பில் இன்றுவரை வரவில்லை. பணம் கிடைத்த மறுநாளிலிருந்து "அக்கா" போய் "மேடம்" வந்தது. அந்த மாற்றத்தை நான் கவனித்தேன், ஆனால் அதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

படப்பிடிப்பு நன்றாகவே நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சட்டையில் சிறு மைக் மாட்டி, ஏறக்குறைய 40 நிமிடம் என்னைப் பேசவிட்டார்கள். நூல் சிக்கல், பாபின் சோதனை, ஊசியின் தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று மனதில் இருந்ததையெல்லாம் தயங்காமல் பேசினேன். அதன் பிறகு ஐந்து வாரங்கள் எந்தத் தகவலும் இல்லை. நான் கேட்கும்போதெல்லாம் எடிட்டருக்கு உடம்பு சரியில்லை, ரெண்டர் ஆகிக்கொண்டிருக்கிறது, கலர் கரெக்‌ஷன் மட்டும்தான் பாக்கி, இந்தக் கணக்கை இனி வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்று ஆளுக்கொரு பதில் வந்தது. அந்த வேறொருவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு அடுத்து வந்தவரிடமும் அப்படியே.

ஆறாவது வாரத்தில் வந்த முதல் வீடியோவில் என் குரலே இல்லை. முதல் ஏழு வினாடிகள் கடையின் லோகோ சுழன்றது. விரலால் தள்ளிவிட்டுக்கொண்டே போகிறவரை முதல் இரண்டு மூன்று வினாடிக்குள் நிறுத்த வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அந்த நேரத்தில் சிக்கிய நூலைக் காட்டியிருந்தால் தைக்கிற எவரும் நின்றிருப்பார்கள். அகலவாக்கில் எடுத்த காட்சியை நடுவில் வைத்து, மேலும் கீழும் மங்கலாக நிரப்பி, அதைச் செங்குத்து வீடியோ என்று கொடுத்திருந்தார்கள். கடையின் ஃபோன் எண்ணைத் திரையின் அடிப்பகுதியில் போட்டிருந்தார்கள். ஃபோனில் பார்க்கும்போது தலைப்பும் சேனல் பெயரும் வந்து மூடுகிற இடம் அது, ஆகவே எண் யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும்விட மோசமாக, எங்கிருந்தோ வாங்கிய ஸ்டாக் காட்சி ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அதில் ஒரு பெண் பிரஷர் ஃபுட்டை மேலே தூக்கி வைத்தபடியே தைக்கிறார். ஃபுட் துணியை அழுத்தாத நிலையில் தையல் விழாது, எந்தக் கோளாறைச் சரிசெய்வது எப்படி என்று நான் 40 நிமிடம் பேசினேனோ அதே நூல் கூடுதான் வரும். என் வாடிக்கையாளர் ஒருவர் அதை ஃபோனில் காட்டி, "இது உங்கள் கடை வீடியோவா?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

இரண்டாவது வீடியோவில் ஒரு திரைப்பாட்டை ஓடவிட்டிருந்தார்கள். சில நாட்களில் அதற்குக் காப்புரிமைக் கோரிக்கை வந்தது. யூடியூபின் தானியங்கி முறை பாட்டை அடையாளம் கண்டுகொண்டால், உரிமையாளர் வீடியோவை முடக்கலாம், அல்லது அதில் விளம்பரம் ஓட்டி வரும் பணத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம். யூடியூபின் ஆடியோ லைப்ரரியிலேயே இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய இசை ஏராளமாக இருக்கும்போது ஏன் இப்படி என்று கேட்டேன். "எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் மேடம்" என்றார்கள்.

அதன் பிறகு பார்வைகள் ஏறத் தொடங்கின. மூன்றே நாளில் 40,000 என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பி வாழ்த்தும் சொன்னார்கள். கடைக்கு ஒரு ஃபோன்கூட வரவில்லை, ஒரு கமெண்ட்கூட இல்லை. நான் விடாமல் கேட்டதால், என் கடையின் பெயரில் அவர்களே தொடங்கியிருந்த யூடியூப் சேனலின் புள்ளிவிவரங்களைப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தார்கள். சராசரியாக ஒருவர் பார்த்தது 4 வினாடி, அதாவது லோகோ சுழன்று முடிவதற்கு முன்பே போய்விட்டார்கள். வந்த பார்வைகளில் பெரும்பகுதி என்னிடம் ஒருநாளும் மெஷின் வாங்கப்போகாத, என் மொழியே தெரியாத தொலைதூர நாடுகளிலிருந்து வந்தவை. இதை நான் தெரிந்துகொண்டது மிகத் தாமதமாக: யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல், வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று கணக்கு ஏறுகிறது, குறைந்தபட்சம் இத்தனை வினாடி பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. விலைக்கு வாங்கிய பார்வைகளோ யூடியூபின் விதிகளுக்கே எதிரானவை, கண்டுபிடித்தால் எண்ணிக்கையிலிருந்து நீக்கிவிடுவார்கள். அடுத்த வாரமே அந்த எண்ணிக்கை இறங்கவும் செய்தது. அதற்கு அவர்கள் சொன்ன காரணம், "அல்காரிதம் மாறிவிட்டது."

கடைசியாக நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மீதி நான்கு வீடியோக்கள் வேண்டாம், 75,000 இல் பாதியைக்கூடத் திருப்பித் தர வேண்டாம், நான் பேசிய அந்த 40 நிமிட ரா ஃபுட்டேஜை, அதாவது வெட்டாத மூலக் காட்சியை மட்டும் கொடுங்கள், நானே யாரிடமாவது கொடுத்து வெட்டிக்கொள்கிறேன் என்றேன். முதலில் அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். சரி, தருகிறேன் என்றதும் ஹார்ட் டிஸ்க் கிளீன் செய்தபோது அழிந்துவிட்டது என்றார்கள். என்னோடு பாபின் கேஸைத் தொங்கவிட்டு விளையாடிய அந்த இளைஞரையும் அழைத்தேன். "நான் இப்போது அங்கே இல்லை மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகுதான் நேற்று மாலை அந்த வரி வந்தது.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். கடை திறக்கும் நேரம் நெருங்கிவிட்டது, கையும் நடுங்குகிறது, முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். ஒரு வீடியோவுக்கு மட்டும் கொடுத்து, அது கைக்கு வந்த பிறகு அடுத்ததைப் பேசுங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டாலோ பில் பின்னால் வரும் என்றாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். எடுத்த காட்சிகள் அனைத்தும் உங்களுக்கே சொந்தம் என்று எழுதி வாங்கி, படப்பிடிப்பு முடிந்த அன்றே உங்கள் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். சேனலை உங்கள் மின்னஞ்சலில் நீங்களே தொடங்குங்கள். யூடியூபில் கடவுச்சொல்லைக் கொடுக்காமலேயே பிறருக்கு எடிட்டர் அனுமதி மட்டும் கொடுக்க முடியும், வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடலாம். பார்வை எண்ணிக்கைக்கு உத்தரவாதம் தருகிறவரிடம் போகாதீர்கள். நீங்கள் ஏற்கெனவே எடுத்த வீடியோவை அழிக்கச் சொன்னால், தயவுசெய்து அழிக்காதீர்கள்.

சேனலைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், அவர்கள் என் கடையின் பெயரில் தொடங்கிய சேனல் இன்னும் அவர்கள் மின்னஞ்சலில்தான் இருக்கிறது. பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துத் தைக்கும் அந்தக் காட்சி என் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது, என்னால் அதை நீக்க முடியாது. யூடியூபில் ஆள்மாறாட்டப் புகார் கொடுத்திருக்கிறேன், பணம் அனுப்பிய வங்கிக்கும் எழுதியிருக்கிறேன். இரண்டிலிருந்தும் இன்னும் பதில் இல்லை. தையல் மெஷினோடு 75,000 க்குச் செய்த அந்த வீடியோ உங்கள் ஃபோனில் வந்தால் நம்பிவிடாதீர்கள். தைக்கும்போது ஃபுட் கீழேதான் இருக்க வேண்டும்.