இ-மைக்ரேட் தளம்: வளைகுடா போகிறவர்களுக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் இ.சி.ஆர். வகைதான், அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசின் அனுமதி தேவைப்படும் வகை. அதை வைத்துக்கொண்டு சவூதி, குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அனுமதி வாங்க வேண்டும். மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் இதை ஏஜெண்டிடமே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்படி விடாதீர்கள்.

தளத்தில் உருப்படியான பகுதி ஏஜெண்ட் பட்டியல். உரிமம் நடப்பில் இருக்கிறதா, காலாவதியா, ரத்தா என்று காட்டும். பெயர் இருப்பதாலேயே நம்பிவிடக் கூடாது. சென்னை, மும்பைக் கம்பெனியின் உரிம எண்ணைக் காட்டி உள்ளூர் ஆள் பணம் வாங்குவது பழைய மோசடி. துணை ஏஜெண்ட் வைக்க விதியில் இடமே இல்லை. தளத்திலுள்ள எண்ணில் கம்பெனியையே கூப்பிட்டுக் கேளுங்கள். ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை, ரசீது கட்டாயம்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் நம் ஊர்க்காரர்கள் பட்ட பாடு. இலங்கைத் தோட்டங்களில், ஆள் பிடித்து வேலை வாங்கிய கங்காணிகள் முன்பணக் கடனை 'துண்டு' என்ற சீட்டில் எழுதி ஆளையே கட்டிப்போட்டார்கள். 1921-இல்தான் அது ஒழிந்தது. அடுத்த ஆண்டே இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. இன்று நடப்பது அதை மாற்றி வந்த 1983 சட்டம்.

காப்பீடும் கட்டாயம்: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், விபத்தில் இறந்தால் 10 லட்சம். விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் செல்பேசி எண்தானா என்று பாருங்கள். சொன்ன சம்பளமும் ஒப்பந்தச் சம்பளமும் ஒன்றா என்பதையும் விமானம் ஏறும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

பெரிய ஓட்டை விசிட் விசா. அதில் போனால் அனுமதியும் இல்லை, காப்பீடும் இல்லை. 30 வயதுக்குக் குறைந்த இ.சி.ஆர். பெண்களுக்கு அனுமதியே கிடையாது என்ற விதி அவர்களை அந்த வழிக்குத்தான் தள்ளுகிறது. 1939-இல் இலங்கைக்குக் கூலி வேலைக்குப் போகத் தடை போட்டபோதும் கள்ளத்தோணிப் பயணம் நிற்கவில்லை. பெண்களுக்கான தடையை எடுத்து, ஒப்பந்தத்தைக் கடுமையாக்குவதே சரி.

வெளிநாடு போகிறவர்களுக்கான அரசு உதவி எண் 1800 11 3090. போகிறவர் போனில் மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்கள் போனிலும் பதிந்து வையுங்கள்.